பூட்டிக் கிடக்கும் க்ளவ் பாக்ஸை உடைக்காமல் திறப்பது எப்படி

ஒரு பழைய கார் எப்படிப்பட்ட கைகளில் இருந்தது என்பதை, டேஷ்போர்டில் சாமான் வைக்கும் பெட்டியான க்ளவ் பாக்ஸின் மூடியே சொல்லிவிடும். பூட்டைச் சுற்றிப் பெயின்ட் பெயர்ந்து, மூடியின் மேல் விளிம்பு லேசாக வளைந்திருந்தால், யாரோ அவசரத்தில் திருப்புளியை நுழைத்து நெம்பியிருக்கிறார்கள். வளைவைத் தட்டி எடுக்கலாம். ஆனால் மூடிக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே கம்பெனியில் வைத்த அந்தச் சீரான இடைவெளி திரும்ப வராது. பூட்டு போனால் வேறு பூட்டு மாட்டிக்கொள்ளலாம். மூடி போனால் அதே வளைவில், அதே நிறத்தில் இன்னொன்றைத் தேடிக் காயலான் கடைகளில் அலைய வேண்டும். கீழே சொல்லியிருப்பது எல்லாமே அந்த மூடியைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

நான் சேலம் செவ்வாய்பேட்டைக்காரன். எங்கள் வீட்டில் வெள்ளிக் கொலுசு வேலை. அப்பாவின் பட்டறையில் இருந்த ஊசி அரங்களும் மயிரிழை ரம்பமும்தான் இன்றைக்கும் என் கருவிகள். வேலை மட்டும் பழைய கார்களின் பூட்டு, கீல், கைப்பிடி என்று மாறிவிட்டது. என்னிடம் அதிகம் வருவது பத்மினியும் அம்பாசடரும். எப்போதாவது ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வரும்.

ஏற்காட்டுக் காப்பித் தோட்ட வீடுகளிலிருந்து வரும் வண்டி என்றால் நான் க்ளவ் பாக்ஸைத்தான் முதலில் தொட்டுப் பார்ப்பேன். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். மழை மாதங்களில் மூடுபனி ஷெட்டுக்குள்ளேயே வந்துவிடும். பழைய வண்டிகள் பலவற்றில் க்ளவ் பாக்ஸின் உள்பெட்டி அழுத்திய அட்டையால் செய்தது. ஈரம் ஏறினால் அது ஊறிய அப்பளம் மாதிரி நெளிந்து, மூடியை உள்ளிருந்து தள்ளத் தொடங்கும். கூடவே பூட்டுக்குள் துரு. சேலத்திலேயே நிற்கும் வண்டிக்கு நோய் வேறு. இங்கே அடிக்கும் வெயிலில் பூட்டுக்குள் இருந்த பழைய கிரீஸ் காய்ந்து, தூசியோடு சேர்ந்து கெட்டியாகிவிடும். திறக்காத பூட்டு இரண்டுமே பார்வைக்கு ஒன்றுதான், மருந்து வேறு வேறு. அதனால் முதல் வேலை கண்டுபிடிப்பது. கருவிப் பெட்டியை அப்புறம் திறக்கலாம்.

பூட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் கை தானாக நிதானப்படும். அந்தக் காலக் க்ளவ் பாக்ஸ் பூட்டு பெரும்பாலும் ஓர் உலோக உறைக்குள் சுழலும் சின்ன உருளை. அதைப் பேரல் என்போம். பேரலில் ஐந்தோ ஆறோ மெல்லிய தகடுகள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு குட்டி ஸ்பிரிங். சாவி உள்ளே இல்லாதபோது தகடுகள் வெளியே நீட்டிக்கொண்டு உறையின் பள்ளத்தில் மாட்டியிருக்கும். சரியான சாவி போனதும் எல்லாத் தகடுகளும் பேரலின் மட்டத்துக்கு இறங்கும், பேரல் சுழலும். ஒரே ஒரு தகடு துருவில் ஒட்டிக்கொண்டாலும் பேரல் அசையாது. உறை பல வண்டிகளில் துத்தநாகக் கலவையில் வார்த்தது. வயதாக வயதாக அது நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். பிளையரால் சாவியைப் பிடித்துத் திருகக் கூடாது என்று நான் கெஞ்சிக் கேட்பது இதனால்தான். சாவி முறியும், இல்லாவிட்டால் உறை விரியும்.

பூட்டுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் சாவியைத் திருப்பினால் பின்னால் இருக்கும் நாக்கே நகரும். இன்னொன்றில் மூடியைப் பிடித்து வைத்திருப்பது ஸ்பிரிங் வைத்த ஒரு தாழ். பட்டனை அழுத்தினால் அது விடுபடும். சாவி செய்வதெல்லாம் அந்தப் பட்டனை அழுத்த விடாமல் தடுப்பது மட்டும்தான். உங்கள் வண்டியில் எது என்பது, அழுத்தும் பட்டன் இருக்கிறதா என்று பார்த்தாலே தெரியும்.

சரி, இப்போது சாவியை நுழைத்துப் பாருங்கள்.

சாவி உள்ளே போகிறது, திரும்பவும் செய்கிறது, ஆனால் மூடி வரவில்லை என்றால் பூட்டில் குற்றமில்லை. நாக்கோ தாழோ, அது மாட்டும் டேஷ்போர்டுக் கொக்கியில் இறுகி நிற்கிறது. கீல் தளர்ந்து மூடி தொங்கியிருக்கலாம், உள்பெட்டி உப்பியிருக்கலாம், உள்ளே இருக்கும் சாமான் மூடியை முட்டிக்கொண்டிருக்கலாம். ஏற்காட்டிலிருந்து இறங்கும் வண்டிகளில் இந்தக் கடைசிக் காரணத்தை அடிக்கடி பார்க்கிறேன். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் உள்ளே இருக்கும் ஸ்பேனரும் டார்ச்சும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரிந்து, அடிவாரம் வருவதற்குள் ஏதாவது ஒன்று மூடிக்கு முட்டுக் கொடுத்துவிடும்.

சாவி போகிறது, திரும்பவில்லை என்றால் தகடு ஒட்டியிருக்கிறது, அல்லது சாவி தேய்ந்திருக்கிறது, அல்லது அது வேறு பூட்டின் சாவி. சாவி பாதியிலேயே நிற்கிறது என்றால் உள்ளே அழுக்கு, இல்லாவிட்டால் முறிந்த துண்டு.

எந்த நிலையாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: உள்ளங்கையை மூடியில் பூட்டுக்குப் பக்கத்தில் வைத்து உள்பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். எல்லாரும் மூடியை வெளியே இழுத்துக்கொண்டே திருப்புகிறார்கள். இழுக்க இழுக்க நாக்கு கொக்கியில் இன்னும் இறுகும். அழுத்தினால் அந்தச் சுமை குறைந்து நாக்கு விடுபடும். அழுத்தியும் வரவில்லை என்றால், மூடியின் கீழ் விளிம்பில் விரலைக் கொடுத்து ஒரு நூல் அளவு மேலே தூக்கிப் பிடித்துத் திருப்புங்கள். தொங்கிய கீலுக்கு அது போதும். பட்டன் வகை என்றால் அழுத்தியபடியே, பூட்டுக்கு மேல் முஷ்டியின் சதைப் பகுதியால் மெதுவாகத் தட்டலாம்.

நாகலூர்ப் பக்கமிருந்து ஓர் அம்மா, காலமான கணவரின் பத்மினியில் பூட்டு மாட்டிக்கொண்டது என்று போன் செய்தார். "அவரோட கையெழுத்து டைரி உள்ள இருக்குதுங்க தம்பி. உடைச்சிடாம எடுக்கணும். டிரைவர் நெம்பிடலாம்ங்கறாரு." நான் "அம்மா, அவரைத் திருப்புளியைக் கீழ வைக்கச் சொல்லுங்க. நீங்களே போய் உள்ளங்கையால அமுக்கிக்கிட்டுத் திருப்பிப் பாருங்க" என்றேன். போன் லைனிலேயே அந்த 'டக்' சத்தம் கேட்டது. எல்லா வண்டியும் இவ்வளவு சுலபமாக வராது, ஆனாலும் முதலில் இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

அடுத்தது எண்ணெய். இதில் நம் வீடுகளில் கை போவது தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்கு. தயவுசெய்து வேண்டாம். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையத் தொடங்கும். ஏற்காட்டில் மார்கழி ராத்திரி அதைவிட எவ்வளவோ குளிர். இன்றைக்குத் திறந்த பூட்டு நாளைக்குக் காலையில் மறுபடி இறுகிப்போகும். விளக்கெண்ணெயும் பூட்டுக்கு ஆகாது, அது கெட்டி எண்ணெய். துரு என்றால் டபிள்யூடி-40 போன்ற ஊடுருவும் ஸ்பிரே, அதன் சிவப்புக் குழாயைச் சாவித் துளையில் வைத்து ஒரே ஒரு அழுத்து. மூடியைச் சுற்றிப் பழைய துணியைப் பிடித்துக்கொள்ளுங்கள், வழிந்தது மர டேஷ்போர்டின் பாலிஷில் பட்டால் கறையாகும். பிறகு சாவியை நுழைத்து எடுத்து, நுழைத்து எடுத்து, தகடுகளை அசைக்க வேண்டும். திருப்பவே வேண்டாம். இடையிடையே திருப்புளியின் பிளாஸ்டிக் பிடியால் பூட்டின் முகத்தில் லேசாகத் தட்டுங்கள். ஒரு ராத்திரி விட்டுவிட்டு மறுநாள் மறுபடி. துருப்பிடித்த பூட்டில் அவசரப்படுகிறவர்களைவிடக் காத்திருப்பவர்கள்தான் அதிகம் திறக்கிறார்கள்.

காய்ந்த கிரீஸ் என்றால் சூடு உதவும். தலை உலர்த்தும் டிரையரைப் பூட்டின் மேல் சிறிது நேரம் காட்டுங்கள். கை வைத்தால் பொறுக்கிற சூடு போதும். லைட்டர், டார்ச் நெருப்பு எதுவும் டேஷ்போர்டு பக்கமே வரக் கூடாது. கிரீஸ் இளகிய பிறகு ஸ்பிரே அடித்து, சாவியைத் துடைத்துத் துடைத்து நுழைத்தால் கறுப்பு அழுக்கு வெளியே வரும். சாவி சுத்தமாக வரும்வரை செய்யுங்கள்.

கிராஃபைட் தூள் நல்ல பொருள், பென்சில் முனையை ஊசி அரத்தில் தேய்த்தாலே கிடைக்கும். ஆனால் எண்ணெய் போட்ட பூட்டில் போடாதீர்கள். இரண்டும் சேர்ந்து சேறாகும். எண்ணெய் வழி என்றால் எண்ணெய், தூள் வழி என்றால் தூள்.

தகடுகள் அசைகின்றன, சாவி மட்டும் திரும்பவில்லை என்றால் சாவியைச் சந்தேகப்படுங்கள். வளையத்தில் தொங்கும் எல்லாச் சாவிகளையும் போட்டுப் பார்த்தீர்களா? க்ளவ் பாக்ஸுக்கும் டிக்கிக்கும் ஒரே சாவி, ஸ்டார்ட் செய்ய வேறு சாவி என்று இருந்த வண்டிகள் உண்டு. சரியான சாவிதான், ஆனால் பல் தேய்ந்துபோனது என்றால், முழுவதும் உள்ளே தள்ளிவிட்டு மயிரிழை அளவு வெளியே இழுத்து அங்கே மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். சாவியை மேலும் கீழும் ஒரு துளி அசைத்துக்கொண்டே திருப்புவதும் உதவும்.

தேய்ந்த சாவியைக் கொடுத்து நகல் எடுத்தால் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். பூட்டின் முகத்தில் எண் பொறித்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். 1950, 60களின் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் எஃப்எஸ், எஃப்ஏ போன்ற எழுத்துகளோடு மூன்று இலக்க எண் இருக்கும். அந்த எண்ணை வைத்தே புதுச் சாவி வெட்டலாம். எண் இல்லை, சாவியே இல்லை என்றால் நல்ல சாவிக்காரர் ஒருவர் பூட்டைப் பார்த்தே அரம் பிடித்துச் சாவி செய்துவிடுவார். அவரிடம் போகும்போது ஆர்சி புத்தகத்தையும் எடுத்துப்போங்கள். யார் வண்டி என்று கேட்காமல் சாவி போடுகிறவரிடம் நான் யாரையும் அனுப்புவதில்லை.

துளைக்குள் முறிந்த துண்டு இருந்தால் எங்கள் பட்டறைக் கருவிதான் கை கொடுக்கும். வெள்ளித் தகடு அறுக்கும் மயிரிழை ரம்பத்தின் இழை, செவ்வாய்பேட்டையில் கொலுசு சாமான் விற்கும் கடையில் கேட்டால் கிடைக்கும். பற்கள் உங்களைப் பார்த்து இருக்கும்படி, துண்டின் பல் வெட்டிய ஓரமாக நுழைத்து, ஒரு துளி எண்ணெய் விட்டு, மெதுவாக வெளியே இழுங்கள். இழையின் பல் துண்டில் மாட்டிக்கொண்டு இழுத்துவரும். ஒரு முக்கியமான விஷயம்: பேரல் பூட்டிய நிலையில், துளை நேராக நிற்கும்போதுதான் துண்டு வரும். பாதி திரும்பி நின்றால் சின்னத் திருப்புளியால் முதலில் நேராக்குங்கள்.

இவ்வளவும் செய்து வரவில்லையா? அப்போது முன்பக்கத்தை விட்டுவிடுங்கள். கீழே போக வேண்டியதுதான். எனக்கு மிகவும் பிடித்த வழி இது. ஏனென்றால் வெளியே ஒரு கீறல் கூட விழாது.

முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். எந்த டெர்மினலின் வயர் பாடியில் மாட்டியிருக்கிறதோ அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ் எர்த், அதாவது பாசிட்டிவ் வயரே பாடியில் மாட்டியிருப்பது, உண்டு, அதனால் நிறத்தை நம்பாமல் வயர் எங்கே போகிறது என்று பாருங்கள். டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் வயர்களின் உறை நாற்பது, ஐம்பது வருடத்தில் வெடித்திருக்கும். உங்கள் கை மணிக்கட்டுவரை அங்கேதான் போகப்போகிறது. மோதிரம், கடிகாரம், காப்பு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள்.

முன் இடது சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, முடிந்தால் கழற்றியே வைத்துவிட்டு, மல்லாக்கப் படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். டேஷ்போர்டுக்கு அடியில் சாமான் வைக்கும் தட்டு இருந்தால் முதலில் அது வர வேண்டும். அதற்கு மேலே உள்பெட்டி தெரியும். வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றில் ஸ்குரூ, சிலவற்றில் கிளிப், சிலவற்றில் தகட்டு நாக்குகளை மடக்கி வைத்திருப்பார்கள். ஸ்குரூக்கள் துருவில் இருந்தால் ஸ்பிரே அடித்துக் காத்திருங்கள், தலை தேய்ந்துவிட்டால் தனி வேலை. எந்த ஸ்குரூ எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று அட்டையில் படம் போட்டு அதிலேயே குத்தி வைப்பது என் பழக்கம். போன் கேமராவில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய அட்டைப் பெட்டியைப் பிடித்து இழுக்காதீர்கள். மூலையில் கிழியும். இரண்டு பக்கமும் மாறி மாறி இறக்கி, உள்ளே இருக்கும் சாமானின் எடையைக் கையில் தாங்கிக்கொண்டு வெளியே எடுங்கள். முழுவதும் எடுக்க இடமில்லை என்றால் ஒரு கை நுழையும் அளவு சரித்தாலே போதும். இப்போது பூட்டின் முதுகு உங்கள் விரலுக்கு எட்டும். கண்ணால் பார்க்க முடியாவிட்டால் சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றைக் காட்டிப் பாருங்கள். பட்டன் வகைத் தாழ் என்றால் விரலால் தள்ளினாலே விடுபடும். நாக்கு வகை என்றால் கொக்கியைப் பாருங்கள், அது டேஷ்போர்டில் ஸ்குரூ போட்டு நிற்கும். அந்த ஸ்குரூக்களை உள்ளிருந்து தளர்த்தினால் கொக்கி நகரும், மூடி பூட்டிய நாக்கோடேயே திறந்து வரும். அதுவும் எட்டவில்லை என்றால் பூட்டை மூடியோடு இறுக்கும் பின்பக்க நட்டோ கிளிப்போ இருக்கும். அதை எடுத்தால் பூட்டே கையோடு வந்துவிடும்.

கீல் கீழே வெளியில் தெரிகிற வண்டிகளில் இன்னொரு வழி: கீலின் ஸ்குரூக்களை அடியிலிருந்து எடுத்துவிட்டு, மூடியின் கீழ்ப்பக்கத்தை முன்னே இழுத்து, நாக்கைக் கொக்கியிலிருந்து நழுவ விடலாம். மூடி திடீரென்று விழுந்து டேஷ்போர்டைக் கீறாமல் இருக்க, முதலிலேயே மாஸ்கிங் டேப் ஒட்டி, இன்னொருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மெல்லிய ஸ்டீல் ஸ்கேலை மூடியின் இடுக்கில் விட்டுத் தாழைத் தள்ளும் வழியைப் பலர் கேட்கிறார்கள். தாழின் முனை சாய்வாக, ஸ்பிரிங்கோடு இருந்தால் வரும். தட்டையான நாக்கு என்றால் எவ்வளவு தள்ளினாலும் வராது, இடுக்குதான் அகலமாகும். செய்வதானால் ஸ்கேலின் இரண்டு பக்கமும், மூடி விளிம்பிலும் டேப் ஒட்டிவிட்டுச் செய்யுங்கள். ஸ்கேலை நெம்புகோலாக ஆக்காதீர்கள்.

டிரில் கடைசி. மாற்றுப் பூட்டு கையில் வந்த பிறகுதான் டிரில்லைத் தொட வேண்டும். அம்பாசடர் 2014 வரை கொல்கத்தா பக்கத்து உத்தரபாராவில் தயாரானது, அதன் பாகங்கள் இன்னும் தேடினால் கிடைக்கும். ஹெரால்டு சென்னையில் 1961 முதல் வந்த வண்டி, 70களிலேயே நின்றுவிட்டது. அதன் பூட்டைத் துளைக்க எனக்கு மனம் வரவே வராது. துளைத்தே ஆக வேண்டும் என்றால் மூடி முழுவதையும் துணியாலும் டேப்பாலும் மூடி, கண்ணாடி போட்டுக்கொண்டு, சாவித் துளையின் வழியாகவே 3 மில்லிமீட்டர் பிட்டில் தொடங்குங்கள். பிறகு 5 மில்லிமீட்டர். வேகம் குறைவாக இருக்கட்டும். சாவியின் பல் பகுதி எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் ஆழம், அந்த இடத்தில் பிட்டில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். தகடுகள் சிதைந்ததும் தட்டைத் திருப்புளியால் பேரல் திரும்பும். உலோகத் தூளை உடனே காந்தம், வாக்குவம் இரண்டாலும் எடுங்கள். பித்தளையும் துத்தநாகமும் காந்தத்தில் ஒட்டாது, அதனால் வாக்குவம் கட்டாயம். வயர்களின் மேல் அந்தத் தூள் கிடக்கக் கூடாது.

மூடி திறந்துவிட்டது. சந்தோஷத்தில் 'டப்' என்று மறுபடி மூடிவிடாதீர்கள்! காரணத்தைச் சரிசெய்யும்வரை இரண்டு விளிம்புக்கும் நடுவே ஒரு துணி இருக்கட்டும். உள்ளே ஈரத்தில் ஒட்டிப்போன காகிதம் இருந்தால் அங்கேயே பிரிக்க வேண்டாம். ஒன்றாக எடுத்து நிழலில், காற்றில் வைத்து, தானாகத் தளர்ந்த பிறகு பிரியுங்கள். பழைய ஆர்சி புத்தகத்தின் மையெல்லாம் இப்படித்தான் தப்பிக்கும்.

பிறகு மூடி திறந்திருக்கும்போதே சாவியைத் திருப்பி நாக்கு தாராளமாக நகர்கிறதா என்று பாருங்கள். பூட்டைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாக உலர்த்தி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும். பேரலின் பக்கவாட்டில் எண் இருந்தால் இப்போதுதான் தெரியும். குறித்துக்கொண்டு, அதை வைத்து இரண்டு சாவி வெட்டுங்கள். கொக்கியின் ஸ்குரூ ஓட்டைகள் பெரும்பாலும் நீள்வட்டமாக இருக்கும், தளர்த்தி மேலே கீழே நகர்த்தி நாக்கு உரசாமல் நுழையும் இடத்தில் இறுக்குங்கள். மூடியை முட்டும் ரப்பர் குமிழ்கள் நசுங்கியிருந்தால் மாற்றுங்கள். அவை தேய்ந்தால் மூடி ஆடும், கெட்டியான புதுசு உயரமாக இருந்தால் மறுபடி பூட்டு இறுகும். அட்டைப் பெட்டி நெளிந்திருந்தால் உலர்த்தி, தட்டையான பலகைக்கு அடியில் வைத்து மேலே பாரம் ஏற்றி, பிறகு உள்ளும் புறமும் ஷெல்லாக் (அரக்கு வார்னிஷ்) ஒரு கோட் கொடுங்கள்.

மலையில் நிற்கும் வண்டி என்றால் மழை மாதங்களில் க்ளவ் பாக்ஸைப் பூட்டாதீர்கள். மூடியை விரல் அளவு திறந்தே விட்டு, உள்ளே சிலிக்கா ஜெல் பை ஒன்றைப் போட்டுவையுங்கள். ஸ்பேனர், ஜாக் கைப்பிடி எல்லாம் டிக்கிக்குப் போகட்டும்.